திரும்பி வந்த பிரீசர்

மருதனார்மடம் சந்தியில், சந்தைக்குக் கிட்ட, எனக்கு ஒரு மின்சாதனக் கடை இருக்கிறது. பிரிட்ஜ், பிரீசர், மின்விசிறி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் விற்கிறேன். காசுக்கும் கொடுப்பேன், தவணைக்கும் கொடுப்பேன். இப்போது கடை ஒரே ஒரு அறைதான். டொலர் ஏறின வருஷம் இரண்டு அறையாக இருந்தது.

அந்த வருஷத்தைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் இல்லை, காலையில் கேட்ட விலை பின்னேரம் இல்லை. ஆனால் வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பாத விஷயம் ஒன்று உண்டு. அந்த இருட்டுக்குள்தான் என் கடையில் பிரிட்ஜ் நன்றாக விற்பனையானது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து, சேமிப்பில் இருந்த காசை எடுத்து, பெரிய இரட்டைக் கதவுப் பிரிட்ஜ் ஒன்றை வாங்கினார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான்.

"உவ்வளவு பெரிசு எதுக்கு சேர்?" என்று கேட்டேன்.

"தம்பி, காசு வங்கியிலை கிடந்து கரையிறதிலும் பாக்க, பிரிட்ஜா என்ரை குசினிக்குள்ளை நிக்கட்டும்" என்றார்.

அவரைப் பார்த்துச் சிரித்தேனே தவிர, நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து சாமான் அனுப்புகிற ஏஜென்ட் தினமும் தொலைபேசியில் கூப்பிடுவார். "அண்ணை, இண்டைக்கு எடுத்தால் இந்த விலை. நாளைக்கு என்ன விலையெண்டு எனக்கே தெரியாது. கப்பல் வாறதும் நிண்டுபோச்சு" என்பார். வங்கியில் கடன் எடுத்தேன். வட்டி மலை போல இருந்தது. சாமான் விலை அதைவிட வேகமாக ஏறியதால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்து, கூரை முட்ட அடுக்கினேன். கையில் முழுக்காசு இல்லாதவர்களுக்கு, முற்பணம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை மூன்று வருஷத் தவணையில் கொடுத்தேன். சனம் நன்றி சொல்லிக்கொண்டு ஏற்றிப் போனது.

பிறகு டொலர் இறங்கியது. கப்பல் வரத் தொடங்கியது. அதே கம்பனியின் அதே பிரிட்ஜ், புதுப் பெட்டியில், நான் வாங்கியதைவிட மலிவாக வந்து இறங்கியது. யாழ்ப்பாண நகரத்தில் பெரிய கடைகள் கழிவு விலை என்று துணிப் பதாகை கட்டின. நானும் கடை வாசல் பலகையில் இருந்த விலையை அழித்து அழித்து எழுதினேன். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் பக்கத்து அறையில் அடுக்கிக் கிடந்த என் காசு கண் முன்னே சிறுத்துக்கொண்டு வந்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பலகையைப் புது ஆட்கள் மட்டும் வாசிப்பதில்லை. பழைய விலைக்கு வாங்கி, தவணை கட்டிக்கொண்டிருந்தவர்களும் சந்தைக்கு வரும்போது வாசிப்பார்கள். முதலில் நின்று வாசித்தார்கள். பிறகு தவணைக்குப் பிந்தினார்கள். பிறகு என் கடையைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறி நடந்தார்கள்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். சந்தை நல்ல சுறுசுறுப்பில் இருந்த நேரம், கடை வாசலில் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நின்றது. பின்னால் இழுத்து வந்த பெட்டிக்குள் ஒரு வெள்ளைப் பிரீசர், கயிற்றால் கட்டியிருந்தது. அதைக் கையால் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். உரும்பிராயில் தன் வீட்டு வாசல் படலையடியில் சின்னக் கடை வைத்திருக்கிறவள். குச்சியில் செய்கிற ஐஸ்பழம், தயிர், குளிர் சோடா விற்கத்தான் என்னிடம் அந்தப் பிரீசரைத் தவணைக்கு எடுத்திருந்தாள். லாண்ட்மாஸ்டரை ஓட்டி வந்தது அவளுடைய கணவன், வெங்காயம் செய்கிற தோட்டக்காரர். வாங்க வந்த அன்று அவள் கழுத்தில் தாலிக்கொடி இருந்தது எனக்கு ஞாபகம். இப்போது மஞ்சள் கயிறுதான் இருந்தது.

"அண்ணை, உங்கடை பெட்டியைக் கொண்டந்திருக்கிறன். இறக்கச் சொல்லுங்கோ."

"என்ன தங்கச்சி, பழுதாப் போச்சோ?"

"ஒரு பழுதும் இல்லை. நல்லா வேலை செய்யுது. எனக்கு வேண்டாம்."

"ஒரு வருஷம் பாவிச்சுப்போட்டு வேண்டாமெண்டு சொன்னால் எப்பிடி?"

அவள் இழுவைப் பெட்டியிலிருந்து இறங்கி நேரே பலகையடிக்குப் போனாள். "இதிலை என்ன விலை எழுதியிருக்கிறியள்? நீங்களே ஒருக்கால் வாசியுங்கோ. நான் இனிக் கட்டக் கிடக்கிற மிச்சக் காசு இதிலும் கூட. இதை உங்களிட்டைத் தந்துபோட்டு, புதுசொண்டை எங்கையாலும் வாங்கினால் எனக்கு லாபம். நான் சொல்லுறது பிழையோ?"

கணக்கில் பிழை இல்லை. அந்தப் பலகையை எழுதியதே நான்தான். ஆனால் எனக்கும் கோபம் வந்தது. சந்தைக்கு வந்த சனம் மெல்ல மெல்லச் சுற்றிக் கூடிவிட்டது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரரும் வெளியே வந்து, தோளில் துவாயுடன் நின்றார்.

"தங்கச்சி, நீங்கள் வாங்கேக்கை அதுதான் விலை. நானும் கூட விலைக்குத்தான் எடுத்தனான். இப்ப விலை இறங்கினதாலை கேக்கிறியள். ஏறியிருந்தால், 'அண்ணை, இந்தாங்கோ' எண்டு கூடக் கொண்டந்து தந்திருப்பியளோ?"

கூட்டம் சிரித்தது. நல்ல கேள்வி கேட்டுவிட்டேன் என்று எனக்கும் ஒரு திருப்தி.

"தந்திருக்க மாட்டன்" என்றாள். "ஆனா எல்லாம் ஏறியிருந்தால் எங்கடை வெங்காயமும் ஏறியிருக்கும். கட்டியிருப்பன். இப்ப வெங்காயம் கிண்டிற கூலிக்கும் காணாது. சோடாவை விலை குறைச்சுத்தான் விக்கிறன், அதையும் வாங்க ஆளில்லை. எல்லாம் இறங்கிப்போச்சு அண்ணை. உங்களுக்குத் தர இருக்கிறது மட்டும் வாங்கின அண்டைக்கு மாதிரியே நிக்குது."

அப்போது லாண்ட்மாஸ்டரில் இருந்த கணவன் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"இஞ்சேர், ஐஸ்பழம் கரையப்போகுது."

அவள் தலையில் கை வைத்தாள். வந்த கோபத்தில் பிரீசரை வெறுமையாக்க மறந்துபோய், முதல்நாள் செய்த ஐஸ்பழம் முழுவதையும் உள்ளே வைத்தபடி ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். "ஐயோ! அண்ணை, கெதியா இறக்கிப் பிளக்கைக் குடுங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

நாலு பேர் கை கொடுத்து இறக்கினார்கள். கடை வாசலிலேயே வைத்து, உள்ளிருந்து வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் ஒரு ஐஸ்பழம் கேட்டார். அவள் மூடியைத் திறந்து கொடுத்தாள். உடனே இன்னொருவர் கேட்டார். பிறகு மரக்கறிச் சாக்கு இறக்குகிறவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அவள் ஒரு கையால் காசு வாங்கி, மறு கையால் ஐஸ்பழம் கொடுத்து, வாயால் என்னோடு சண்டை பிடித்தாள்.

"உங்களுக்கு எத்தினை ஐயா, ரெண்டோ? அண்ணை, நான் கேட்டதுக்குப் பதில் இன்னும் வரேல்லை. சில்லறை இருந்தாத் தாங்கோ அம்மா. சொல்லுங்கோ அண்ணை, கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."

என் மனைவி கடைக்குள்ளே காசு மேசையில் இருப்பாள். தவணை வாங்குவது, மிச்சம் பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவளும் எழுந்து வந்து, காசு கொடுத்து ஒரு ஐஸ்பழம் வாங்கிக்கொண்டு, அதை உறிஞ்சியபடி திரும்பிப் போய் இருந்தாள். நான் தனித்துப் போனேன்.

மத்தியானம் ஆகியும் முடிவு வரவில்லை. "பெட்டி இஞ்சை நிக்கட்டும், நான் இனிக் கட்ட மாட்டன்" என்று சொல்லிவிட்டு அவள் லாண்ட்மாஸ்டரில் ஏறிப் போய்விட்டாள். கொஞ்ச ஐஸ்பழம் மிஞ்சியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கு என் மனைவி அதையும் விற்று, காசைத் தனியாக ஒரு கடதாசிப் பையில் போட்டு வைத்தாள்.

அன்று பின்னேரம் கடை பூட்டும்போது மனைவி கேட்டாள்.

"அவ சொன்னதிலை என்ன பிழை?"

"பிழையில்லைத்தான். ஆனா நாங்கள் வங்கிக்கு என்னத்தைக் கட்டுறது?"

"இப்ப மட்டும் என்னத்தைக் கட்டுறம்? தவணைக்காறர் எத்தினை பேர் ஒழுங்கா வருகினம்? கூடக் கேட்டு ஒண்டும் வராமல் இருக்கிறது நல்லதோ, குறைச்சுக் கேட்டு ஏதோ வாறது நல்லதோ?"

"எங்கடை லொறியை அனுப்பி எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு வரலாம். தவணைப் பத்திரத்திலை அதுக்கும் இடமிருக்கு."

"ஏத்திக்கொண்டு வந்து எங்கை வைக்கிறது?" என்று அவள் பக்கத்து அறையைக் காட்டினாள். உள்ளே ஆள் திரும்ப இடமில்லை. "கொண்டந்து, எந்த விலைக்கு விக்கப்போறியள்? பலகை விலைக்குத்தானே. அதுவும் பழசு."

அவள் சொன்னது எனக்குத் தெரியாததல்ல. நகரத்தில் கடன் கம்பனிகளின் வளவுகளில், பறித்துக்கொண்டு வந்த ஓட்டோக்கள் வெயிலில் வரிசையாக நின்று வெளிறிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். வாங்க ஆளில்லை. பறிகொடுத்தவனுக்கும் இல்லை, பறித்தவனுக்கும் இல்லை.

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் உரும்பிராய்க்குப் போனோம். படலையடியில் கடை திறந்திருந்தது. பிரீசர் நின்ற இடத்தில் சீமெந்து நிலம் மட்டும் சதுரமாக வெள்ளையாகக் கிடந்தது. பக்கத்துக் கொட்டிலில் வெங்காயம் பிடி பிடியாகக் கட்டி, கூரையிலிருந்து தரை வரை தொங்கியது. விலை வரட்டும் என்று வைத்திருக்கிறார்கள். கணவன் காய்ந்த தாளைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கதிரை போட்டாள். ஆனாலும் தேத்தண்ணி வந்தது, பணியாரமும் வந்தது. என் மனைவி ஐஸ்பழக் காசுப் பையை நீட்டினாள்.

"உதென்ன?"

"நீங்கள் விட்டிட்டுப் போனதை வித்த காசு."

அவள் வாங்கி எண்ணினாள். பிறகு எங்களைப் பார்த்து, "நான் விக்கிற விலையிலும் கூட வித்திருக்கிறியள் போலை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். அதன் பிறகு நான் சொல்ல வந்ததைச் சொல்வது சுகமாக இருந்தது.

"தங்கச்சி, பலகையிலை இருக்கிற விலைதான் உங்களுக்கும் விலை. நீங்கள் இதுவரை கட்டினதை அதிலை கழிப்பம். மிச்சத்தை வட்டியில்லாமல், ஏலுமான மாதிரி மாசா மாசம் தாங்கோ."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் வெங்காயத்தைப் பார்த்தார்.

"அப்ப, நேற்று லாண்ட்மாஸ்டருக்கு அடிச்ச டீசல்?" என்றாள்.

"அதை நானோ அடிக்கச் சொன்னனான்?"

"பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர இன்னொருக்கால் அடிக்கவேணுமெல்லோ."

"நாங்கள் லொறியிலை கொண்டந்து இறக்குறம்" என்று என் மனைவி முடித்து வைத்தாள். போகும்போது ஒரு பெரிய பிடி வெங்காயத்தை மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டார்கள். வீட்டில் பல நாள் வெங்காயச் சம்பலும் வெங்காயக் குழம்பும்தான்.

இந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் மருதனார்மடத்துக்கு வந்துவிட்டது. தேத்தண்ணிக் கடைக்காரருக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வீதியின் மற்றப் பக்கத்தால் போனவர்கள் எல்லாம் இந்தப் பக்கத்துக்கு வரத் தொடங்கினார்கள். ஒருவருக்குச் செய்துவிட்டு இன்னொருவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. வந்தவர்களுக்கெல்லாம் அதே கணக்குத்தான் போட்டோம். சிலர் அந்த இடத்திலேயே மிச்சம் முழுவதையும் கட்டி முடித்தார்கள். காசு வைத்துக்கொண்டுதான் கட்டாமல் இருந்திருக்கிறார்கள். கூடக் கட்டுகிறோமே என்ற எரிச்சல்தான் அவர்களைத் தடுத்திருக்கிறது. சிலர் கண் கலங்கினார்கள். ஒன்றிரண்டு பேர் குறைத்த கணக்கையும் கேட்டுக்கொண்டு போய்ப் பிறகு வரவே இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியரும் வந்தார்.

"தம்பி, எல்லாருக்கும் குறைக்கிறீராம். அப்ப நான்?"

"சேர், நீங்கள் முழுக்காசும் கட்டி முடிச்சிட்டியளே."

"ஒழுங்காக் கட்டினவனுக்கு ஒண்டுமில்லை, என்ன?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் என்னால் ஏலவில்லை. அவருக்கும் திருப்பிக் கொடுக்கப் போனால் கடையைத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் குளியலறைக்கு மின்குமிழ் வாங்க வந்தார். குமிழுக்கு நான் காசு வாங்கவில்லை. "உதோடை கணக்குச் சரியெண்டு நினையாதையும்" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்தது என் கடன். ஊருக்கெல்லாம் குறைத்துக் கொடுத்த தைரியத்தில் வங்கிக்குப் போனேன். மனேஜர் என்னைவிட வயதில் குறைந்தவர், அமைதியானவர். உரும்பிராய்ப் பெண் என்னிடம் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே அவரிடம் சொன்னேன். நான் வாங்கின சாமானின் விலை இறங்கிவிட்டது, உங்கள் கடன் மட்டும் அப்படியே நிற்கிறது என்றேன்.

அவர் முழுவதையும் கேட்டார். "ஐயா, நீங்கள் குறைச்ச மாதிரி என்னாலை கடன் முதலைக் குறைக்கேலாது. உது என்ரை காசில்லை. இஞ்சை வைப்பிலை போட்ட ஆக்களின்ரை காசு" என்றார். அந்த வைப்புக்காரர்களில் என் அக்காவும் ஒருத்தி என்று எனக்கு ஞாபகம் வந்தது. அவர் தொடர்ந்தார். "ஆனா நீங்கள் எடுக்கேக்கை இருந்த வட்டி இப்ப இல்லை. புதுக் கடனுக்கு எவ்வளவோ இறங்கிப்போச்சு. பழைய வட்டியையே ஏன் கட்டிக்கொண்டிருக்கிறியள்? ஒரு பகுதி முதலைக் கொண்டந்து கட்டுங்கோ. மிச்சத்தை இப்பத்தை வட்டிக்கு மாத்தி, காலத்தையும் நீட்டித் தரச் சொல்லி நான் மேலிடத்துக்கு எழுதிறன்."

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அந்த நாட்களில் எல்லாம் இறங்கினாலும் தங்கப் பவுண் விலை மட்டும் இறங்கவில்லை. அதைப் பற்றி நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

"என்ரை நகையிலை கை வைக்கிற கதை வேண்டாம்" என்றாள். "லொறியை வித்துப்போடுங்கோ. பக்கத்து அறையையும் விட்டிடுங்கோ. சாமானை வாற விலைக்குத் தள்ளிவிடுவம். வெறும் அறைக்கு வாடகை கட்டி ஆருக்குப் பெருமை காட்டுறது?"

லொறி போனது எனக்குக் கவலைதான். வாங்கின அன்று நல்லூருக்குக் கொண்டுபோய்த் தேங்காய் உடைத்து, பிள்ளையை வைத்துப் பார்ப்பது போலப் பார்த்த லொறி. ஆனால் அதை வாங்கிக்கொண்டு போனவர் சந்தியால் வளைத்துத் திருப்பும்போது, நெஞ்சில் இருந்து ஏதோ பாரம் இறங்கின மாதிரித்தான் இருந்தது. மேலிடத்துப் பதில் வரக் கொஞ்சக் காலம் எடுத்தது. வந்தபோது நல்லதாக வந்தது. பக்கத்து அறையில் இப்போது ஒரு தையல்காரப் பெண் இருக்கிறாள். அவளுடைய மெஷின் சத்தம் பகலெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

உரும்பிராய்க்காரி ஒழுங்காகக் கட்டினாள் என்று சொன்னால் பொய். மழைக்காலத்தில் ஐஸ்பழம் போகாது, இரண்டு மாதம் வரவில்லை. பிறகு வந்து மழையைத் திட்டினாள், அரசாங்கத்தைத் திட்டினாள், சேர்த்துக் கட்டினாள். கடைசித் தவணை கட்டின அன்று நன்றி என்றோ, போய்வாறன் என்றோ சொல்லவில்லை. கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "உந்தக் கண்ணாடிக் கதவுப் பிரீசர் என்ன விலை?" என்று கேட்டாள். சொன்னேன். "இன்னும் இறங்கட்டும்" என்றாள். அவள் கழுத்தில் தாலிக்கொடி திரும்பி வந்திருந்தது.

நான் பணக்காரன் ஆகவில்லை. கடன் இன்னும் இருக்கிறது, ஆனால் அது எங்களோடு ஒத்துப்போகிற அளவில் இருக்கிறது. மத்தியானம் வீட்டுக்குப் போய் இருந்து சாப்பிடுகிறேன். தொலைபேசி அடித்தால் நெஞ்சு அடிக்கிறதில்லை. ஏஜென்ட் இப்போதும் கூப்பிட்டு, "கொஞ்சம் கூட எடுத்து வையுங்கோவன்" என்பார். வேண்டியதை மட்டும் எடுப்பேன். தவணையையும் குறுக்கிவிட்டேன், நீண்ட தவணை கொடுத்தால், அதற்குள் உலகம் எத்தனை தரம் புரளும் என்று யாருக்குத் தெரியும்?

போன கிழமை ஒரு இளம் சோடி வந்தது. கலியாணம் முடித்துத் தனியாக வீடு எடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்பிள்ளைக்கு வயிறு கொஞ்சம் தெரிந்தது. ஒரு நடுத்தரப் பிரிட்ஜைப் பார்த்து விலை கேட்டார்கள். சொல்லிவிட்டு, வாய் சும்மா இராமல், "அவசரமில்லையெண்டால் ரெண்டு மாசம் பொறுத்துப் பாருங்கோ. இன்னும் குறைஞ்சாலும் குறையும்" என்றேன். காசு மேசையில் இருந்து என் மனைவி தொண்டையைக் கனைத்தாள்.

பெடியன் ஆவலாக, "எவ்வளவு குறையும் அண்ணை?" என்றான்.

"அது எனக்குத் தெரியாது."

அந்தப் பிள்ளை அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. "அண்ணை, இந்த வெயிலுக்கு எனக்கு இண்டைக்கே குளிர்தண்ணி குடிக்கவேணும். குறையேக்கை குறையட்டும். இதையே தாங்கோ."

பாதிக்கு மேல் காசாகவே கட்டினார்கள். அதற்குப் பிறகு சிவப்பு எடுப்பதா, சாம்பல் நிறம் எடுப்பதா என்று இரண்டு பேருக்கும் பெரிய விவாதம் தொடங்கியது. அவர்கள் முடிவெடுக்கட்டும் என்று நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.